பேசாத பலகை: பழைய ஆர்கேட் விளையாட்டுச் சுற்றுகளில் பிழை தேடும் மரபுகள்

1972 இல் அட்டாரி நிறுவனம் தனது 'பொங்' விளையாட்டின் முதல் இயந்திரத்தைக் கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரில் ஒரு மதுச்சாலையில் வைத்தது. விரைவிலேயே அது இயங்கவில்லை என்று முறைப்பாடு வந்தது. வடிவமைத்த அல் அல்கோர்ன் போய்த் திறந்து பார்த்தார். சுற்றுப் பலகையில் ஒரு குறையும் இல்லை. ஆட்கள் போட்ட நாணயங்கள் பெட்டி நிறைந்து வழிந்து, நாணயப் பொறியை அடைத்திருந்தன. ஆர்கேட் விளையாட்டுகளின் வரலாற்றில் மிகப் பழைய பழுதுகளில் ஒன்றான இது, அரை நூற்றாண்டாகத் தீராத ஒரு கேள்வியையும் தொடக்கி வைத்தது. இயந்திரம் பேசாமல் நின்றால் முதலில் எதைச் சந்தேகிப்பது?

நாற்பது வயதான ஒரு பலகை, அதில் நூறு அளவில் சிப்புகள், திரையில் ஒன்றும் இல்லை. பிழை எங்கே என்று கண்டுபிடிக்க இதுவரை நான்கைந்து வழிகள் சொல்லப்பட்டுள்ளன. பின்னால் இருந்து முன்னால் தடம் பிடிப்பது, சந்தேகமான சிப்பை மாற்றிப் பார்ப்பது, கருவி கொண்டு ஒப்பிடுவது, பலகையையே தன்னைச் சோதிக்கச் செய்வது, பலகையை விட்டுவிட்டு விளையாட்டை வேறொரு கணினியில் ஓட்டுவது என்பன அவை. இவை ஒன்றையொன்று வெல்ல வந்த வழிகள்போலப் பேசப்படுவதுண்டு. உண்மையில் ஒவ்வொன்றும் அது பிறந்த இடத்தின் பொருளாதாரத்துக்குப் பொருந்திய விடை. இலங்கையின் கண்டியில் ஒரு வீட்டு மேசையில் இப்படியொரு பலகை வந்து சேர்ந்தால் அந்தப் பொருளாதாரம் மாறுகிறது. ஈரப்பதன் மாறுகிறது, மின்சாரம் மாறுகிறது, ஒரு சிப்பு வந்து சேர எடுக்கும் காலமும் மாறுகிறது. ஆகவே வழிகளின் வரிசையும் மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

படலைகள் கண்ணுக்குத் தெரிந்த காலம்

'பொங்' பலகையில் நுண்செயலி கிடையாது, நிரலும் கிடையாது. ரீ.ரீ.எல். எனும் வகையைச் சேர்ந்த அறுபத்துச் சொச்சம் தருக்கச் சிப்புகள் கம்பித் தடங்களால் இணைக்கப்பட்டு அந்த விளையாட்டாகவே இருந்தன. பந்து மறைந்தால் பந்தைத் தீட்டும் பகுதியைப் பார்த்தால் போதும். புள்ளி எண்ணிக்கை தவறாக விழுந்தால் எண்ணும் சிப்பைப் பார்க்க வேண்டும். இந்தக் காலத்தில் உருவானதே தடம்பிடிக்கும் மரபு. கெட்ட வெளியீட்டில் தொடங்கி, அதை உண்டாக்கும் தருக்கப் படலையின் உள்ளீடுகளைப் பார்த்து, உள்ளீடு சரி, வெளியீடு பிழை என்ற இடம் வரும்வரை பின்னோக்கிச் செல்வது இதன் முறை. இலங்கையின் உயர்தரப் பௌதிகவியலிலும் தகவல் தொழில்நுட்பப் பாடத்திலும் தருக்கப் படலைகள் கற்பிக்கப்படுகின்றன. உண்மை அட்டவணையை நிரப்பத் தெரிந்த மாணவர் ஒருவருக்கு இந்த மரபின் கோட்பாடு முழுவதும் கைவசம் உண்டு என்றே சொல்லலாம்.

கோட்பாட்டுக்கு மேலே சில எண்களும் வேண்டும். ரீ.ரீ.எல். சிப்புகளுக்கு 4.75 முதல் 5.25 வோல்ற்று வரை வழங்கப்பட வேண்டும். உள்ளீட்டில் 0.8 வோல்ற்றுக்குக் கீழே இருப்பது பூச்சியம், 2.0 க்கு மேலே இருப்பது ஒன்று. இடைப்பட்டது எதுவும் சட்டப்படியான நிலை அல்ல. ஒரு வெளியீட்டுக் கால் நிரந்தரமாக அந்த இடைவெளியில், ஒன்றரை வோல்ற்று அளவில், தொங்கிக்கொண்டிருந்தால் சிப்பின் உள்ளே இணைப்பு அறுந்திருக்கலாம். ஃபுஜிட்சு தயாரித்த அக்கால 74 வரிசை ரீ.ரீ.எல். சிப்புகள் இந்த நோய்க்குப் பெயர்போனவை. மலிவான தருக்கச் சோதனைக் கோல் ஒன்றே இதைக் காட்டிக்கொடுக்கும்.

இந்த மரபுக்கு எதிராக இரண்டு விடயங்கள் வலுவாகச் சொல்லப்படுகின்றன. ஒன்று, சுற்று வரைபடம் இல்லாத பலகையில் பின்னோக்கிச் செல்ல வழி தெரியாது. இது ஓரளவுக்கே உண்மை. 74 வரிசைச் சிப்புகளின் கால்கள் எவை எதற்கென்பது பொதுவில் உள்ள தகவல். வரைபடம் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு சிப்பையும் தனித்தனியே அதன் உண்மை அட்டவணையோடு ஒப்பிட முடியும், நேரம்தான் கூடும். இரண்டாவது தடை இதைவிடக் கடினமானது. 1975 இல் மிட்வே நிறுவனம் 'கன் ஃபைற்' விளையாட்டில் இன்ரெல் 8080 நுண்செயலியைப் பயன்படுத்தியது. 1978 இல் டைட்டோவின் தொமொஹிரோ நிஷிகாதோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டையும் அதே செயலியில் அமைத்தார். 1980 இல் நாம்கோவின் 'பக்-மன்' இசட்-80 செயலியோடு வந்தது. அதன் பின்னர் விளையாட்டு கம்பிகளில் இல்லை, நினைவகத்துக்குள் போய்விட்டது. கோலை எங்கே வைத்தாலும் துடிப்பு தெரியும், ஆனால் துடிப்பு சரியானதா என்று அதனால் சொல்ல முடியாது.

மாற்றிப் பார்க்கும் மரபு

சிப்பை மாற்றிப் பார்ப்பது சோம்பேறிகளின் வழி என்று ஒதுக்குவது நியாயமல்ல. விளையாட்டு மண்டபம் நடத்தியவருக்கு இயந்திரம் நின்ற ஒவ்வொரு மணிக்கும் வருமானம் போனது. நல்ல பலகை ஒன்றைச் செருகி இயந்திரத்தை ஓடவிட்டு, கெட்டதை விநியோகத்தரிடம் அனுப்புவது அவருக்கு முழுக்க அறிவார்ந்த முடிவு. விநியோகத்தரின் பட்டறையிலும் சிப்புகள் பெட்டி பெட்டியாக இருந்தன. அந்தச் சூழலில் ஒன்றை மாற்றிப் பார்ப்பதற்கு ஆகும் செலவு யோசிப்பதற்கு ஆகும் செலவை விடக் குறைவு.

வீட்டு மேசைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சொக்கற்றில் இல்லாமல் நேரடியாக ஈயம் வைத்த சிப்பை எடுக்கும் ஒவ்வொரு முறையும் பலகையின் செப்புத் தடம் பெயரலாம், துளையின் உள்முலாம் கிழியலாம். ஐந்து நல்ல சிப்புகளை எடுத்த பிறகு ஆறாவதில் பிழை கிடைத்தாலும், முன்னைய ஐந்து இடங்களில் புதிதாக உண்டாக்கிய பிழைகள் மிஞ்சும். அப்போது பலகையில் இருப்பது இரண்டு வகைப் பிழை. ஒன்று காலம் செய்தது, மற்றது கை செய்தது. இரண்டாவதைக் கண்டுபிடிப்பது முதலாவதை விடச் சிரமம்.

இதற்கு மாற்றிப் பார்ப்போரின் பதில் கவனிக்கத்தக்கது. அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவதில்லை. 2114 என்ற ராம் சிப்புகள் அடிக்கடி கெடுபவை என்று அனுபவம் சொல்கிறது. ஃபுஜிட்சு சிப்புகளும் அப்படியே. அனுபவத்தில் பிறந்த இந்த நிகழ்தகவு உண்மையானது, பயனுள்ளது. ஆனால் அது எந்தச் சிப்பை முதலில் அளக்க வேண்டும் என்று சொல்கிறதேயன்றி, எதை முதலில் கழற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. சந்தேகமான ராமின் மேல் நல்ல ராம் ஒன்றைக் கால்கள் தொடும்படி வைத்து அழுத்திப் பார்க்கும் முறை இடைவழியாக வழங்குகிறது. கெட்ட சிப்பின் வெளியீடு மிதந்துகொண்டிருந்தால் மேலிருப்பது வென்று படம் சரியாகும். வெளியீடு பூச்சியத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும், ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஆம் என்று வரும் விடையை ஓரளவு நம்பலாம், இல்லை என்று வரும் விடையை நம்பக் கூடாது.

பொதுவழியும் கையொப்பமும்

நுண்செயலிப் பலகையின் சிக்கல் அதன் பொதுவழிகளில் இருக்கிறது. செயலி, ரொம், ராம், படச் சுற்று எல்லாம் ஒரே எட்டுத் தரவுக் கம்பிகளைப் பகிர்கின்றன. கூட்டத்தில் ஒருவர் முறை தவறி வாய் ஓயாமல் பேசினால் யார் சொன்னதும் எவருக்கும் கேட்காதது போல, ஒரு சிப்பு பொதுவழியை விடாமல் பிடித்துக்கொண்டால் நல்ல சிப்புகள் எல்லாமே கெட்டவைபோலத் தெரியும். அதற்கும் மேலாக, செயலி கெட்ட தரவை வாசித்தால் கெட்ட இடத்துக்குத் தாவும், அங்கிருந்து மேலும் கெட்டதை வாசிக்கும். பிழை சுற்றிச் சுற்றி வருகையில் தொடக்கம் எதுவென்று தெரியாது.

1977 இல் ஹியூலெட் பக்கார்ட் நிறுவனம் இதற்குத் தந்த விடைக்குக் கையொப்பப் பகுப்பாய்வு என்று பெயர். பலகைக்கு ஒரே மாதிரியான தூண்டலைத் திரும்பத் திரும்பக் கொடுத்து, ஒரு கம்பியில் ஓடும் பூச்சியங்களையும் ஒன்றுகளையும் பதினாறு பிற்றுப் பதிவேடு ஒன்றால் சுருக்கி, நான்கு எழுத்துக் கையொப்பமாகக் கருவி காட்டும். நல்ல பலகையின் அதே புள்ளியில் இருக்க வேண்டிய கையொப்பம் வரைபடத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்தால் அப்புள்ளி சரி. பிழையைத் தவறவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 65,536 இல் ஒன்று. அட்டாரியும் தன் பராமரிப்பாளர்களுக்கு இந்த முறையைக் கொண்ட சோதனைப் பெட்டி ஒன்றை வழங்கியது. 1980களின் தொடக்கத்தில் ஃப்ளூக் நிறுவனத்தின் 9010ஏ இன்னொரு திசையில் போனது. செயலியைக் கழற்றி அதன் சொக்கற்றில் கருவியின் செருகியை வைத்தால், கருவியே செயலியாக நடித்து ராம், ரொம், பொதுவழி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கும்.

இரண்டும் மதிநுட்பமான விடைகள். ஆனால் கையொப்பம் அச்சிடாத வரைபடத்துக்கு முதலாவது பயனற்றது. ஜப்பானில் இருந்து வந்த பெரும்பாலான பலகைகளுக்கு அப்படியான ஆவணமே வெளியாகவில்லை. இரண்டாவது கருவி அன்று பட்டறைகளுக்கான விலையில் விற்கப்பட்டது, இன்று சேகரிப்போர் தேடும் பொருள். இருந்தும் இவற்றின் அடிப்படைக் கருத்து, அதாவது பிழையின் வளையத்தை முதலில் வெட்டு என்பது, செலவில்லாமல் வீட்டுக்கு வந்து சேரக்கூடியது. இசட்-80 இல் 'ஒன்றும் செய்யாதே' என்ற கட்டளையின் எண் பூச்சியம். செயலியின் எட்டுத் தரவுக் கால்களையும் பலகையிலிருந்து பிரித்து, பூச்சிய வோல்ற்றோடு இணைத்த ஒரு சொக்கற்றில் அதைச் செருகினால், அது எப்போதும் அந்தக் கட்டளையையே வாசித்து, முகவரிகளை ஒன்றொன்றாக எண்ணிக்கொண்டே போகும். 'பக்-மன்' பலகையின் 3.072 மெகாஹேர்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு கட்டளைக்கு நான்கு துடிப்பு ஆகும் என்பதால், 65,536 முகவரிகளையும் சுற்றி வர ஒரு செக்கனில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவே ஆகும். கடைசி முகவரிக் கம்பியில் கோலை வைத்தால் செக்கனுக்கு ஏறத்தாழ பன்னிரண்டு தடவை என்ற மெதுவான அடி தெரியும். நினைவகத்தைப் புதுப்பிக்கும் முகவரிகளும் அதே கம்பிகளில் ஊடே வரும் என்பதால் அலைவடிவம் பாடநூற் படம்போலத் தெளிவாக இராது. ஆனாலும் எந்தக் கம்பி இறந்துள்ளது, எவை ஒன்றோடொன்று ஒட்டியுள்ளன என்பது புலப்படும். ஒரு சொக்கற்றும் சில அங்குலக் கம்பியும்தான் செலவு. இந்தச் சோதனைக்குரிய மதிப்பு தொடக்கநிலை வழிகாட்டல்களில் கொடுக்கப்படுவதில்லை என்பது வியப்பு.

பலகை தானே சாட்சி சொல்லும்போது

பல விளையாட்டுகள் மின்சாரம் வந்ததும் தமது ராமையும் ரொம்மையும் தாமே சோதித்து, பிழையைத் திரையில் எழுதிக் காட்டும். பார்க்க மிக எளிய வழி. செயலியும் ரொம்மின் தொடக்கப் பகுதியும் படச் சுற்றும் நலமாக இருந்தால் மட்டுமே இந்தச் சாட்சி நம்பத்தக்கது. முழு இருட்டில் கிடக்கும் பலகைக்கு இது உதவாது. ஆர்வலர்கள் சில பலகைகளுக்கு எழுதியுள்ள சோதனை ரொம்கள், ராமையே தொடாமல் செயலியின் உள் பதிவேடுகளை மட்டும் கொண்டு இயங்கி, இந்தக் குறையைப் பாதி தீர்க்கின்றன. இதன் அருகில் நின்று ஏமாற்றும் இன்னொன்று காவல் மணிச்சுற்று. நிரல் உரிய நேரத்தில் அதைத் தொடாவிட்டால் அது செயலியை மீளத் தொடக்கும். திரை திரும்பத் திரும்ப அதே குப்பைக் குறிகளைக் காட்டி மறைந்தால், பலகை இறந்துவிடவில்லை, எழுந்து எழுந்து விழுகிறது என்று பொருள். கடிகாரமும் மீள்தொடக்கமும் வேலை செய்கின்றன என்பதற்கு அதுவே சான்று.

கண்டியின் மேசையில்

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த கிண்ணமொன்றில், மகாவலி ஆறு வளைந்து ஓடும் ஓரத்தில் இருக்கிறது. இரண்டு பருவப்பெயர்ச்சி மழைகளும் அதைத் தொடுகின்றன, இடைப்பருவங்களில் பிற்பகல் இடி மின்னலும் சேர்கிறது. பழுது பார்க்கும் நூல்களின் வரிசை வறண்ட கலிபோர்னியாவின் கிடங்குகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. அங்கே சிப்புத்தான் முதற் சந்தேக நபர். இங்கே உலோகத் தொடுகைகளை முதலில் சந்தேகிக்க நல்ல காரணம் உண்டு. அக்காலச் சிப்புகள் பலவற்றின் கால்கள் வெள்ளி முலாம் பூசியவை. கந்தகமும் ஈரமும் பட்டால் அவை கறுத்து, சொக்கற்றில் தொடுகையை இழக்கும், சில வேளை இழுக்கும்போது முறிந்தும் போகும். ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் மலிவுச் சொக்கற்றுகள் நிலைமையை மோசமாக்கும். பலகையை இயந்திரத்தோடு இணைப்பதற்கென 1985 இல் வந்த ஜம்மா நியமத்தின் 56 தொடுகைகள் கொண்ட விளிம்பிணைப்பியிலும் இதே கதைதான். மின்வழங்கியில் 5.0 வோல்ற்று என்று காட்டும் மீற்றர், பலகையின் தூரத்து மூலையில் உள்ள சிப்பின் காலில் 4.6 என்று காட்டலாம். அளக்க வேண்டிய இடம் அந்த மூலைதான்.

பற்றரி இதைவிடக் கொடியது. வில்லியம்ஸ் நிறுவனத்தின் 'டிஃபெண்டர்' வரிசைப் பலகைகளில் மூன்று சாதாரண பற்றரிகள் இருந்தன. வேறு பலவற்றில் நிக்கல் கட்மியம் வகை ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருந்தது. கசிந்த காரம் தடங்களை உண்ணும், ஈரமான காற்றில் அது மேலும் பரவும். மென்மையான வினாகிரியால் காரத்தை நடுநிலையாக்கி, ஐசோபுரொப்பைல் மதுசாரத்தால் கழுவி, நன்றாக உலர்த்திய பின்பே மின்சாரம் கொடுக்க வேண்டும். கண்டியின் மழை மாதங்களில் 'நன்றாக உலர்த்துவது' என்பது ஓரிரு மணி வேலை அல்ல, சிப்புகளின் அடியில் தங்கும் நீர் கண்ணுக்குத் தெரியாது. அதே 'டிஃபெண்டர்' பலகையின் 4116 ராம்களுக்கு +12, +5, −5 என மூன்று வழங்கல்கள் தேவை. அவற்றுள் −5 இல்லாமல் மற்ற இரண்டும் வந்தால் சிப்புகள் அழியக்கூடும். வழங்கியை அளக்காமல் பலகையை இணைப்பதில் உள்ள ஆபத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மின்சாரத்தைப் பொறுத்தவரை 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. மின்வெட்டு பலகையைக் கொல்வதில்லை, மின்சாரம் திரும்பி வரும் கணத்தின் ஏற்றத்தாழ்வு கொல்லலாம். மின்னல் காலத்திலும் இதே கதை. செருகியைக் கழற்றி வைப்பதே மிக மலிவான பாதுகாப்பு. படக்குழாய்த் திரையில் 20,000 வோல்ற்றுக்கு மேலான அழுத்தம் இருப்பதால், வீட்டு வேலை பலகையோடு நிற்க வேண்டும், திரையைத் தேர்ந்தவரிடம் விட வேண்டும். அத்தகையோர் இன்னும் இருக்கிறார்கள். 1982 பெப்ரவரி 15 இல் ரூபவாகினி தொலைக்காட்சி தொடங்கியதிலிருந்து நாடெங்கும் வளர்ந்த தொலைக்காட்சித் திருத்தகங்களின் தலைமுறைக்குப் படக்குழாயும் மின்வழங்கியும் கைவந்த கலை. பொதுவழியும் முகவரிக் கம்பியும் அவர்களுக்குப் புதியவை. பேராதனையில் 1964 முதல் இயங்கும் பொறியியல் பீடத்தின் மாணவருக்கோ அது மறுதலை. இந்த இரு திறன்களும் ஒரே மேசையில் சந்திப்பது அரிது. பழுது பார்த்தலின் உள்ளூர்த் தடை கருவியில் இல்லை, இங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது.

உதிரிப் பாகங்களின் கணக்கு வாதத்தை முடித்து வைக்கிறது. சாதாரண 74 வரிசைச் சிப்புகளைக் கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடலாம். 2114 ராமுக்கோ, நல்ல இசட்-80 க்கோ வெளிநாட்டுத் தபாலையும் சுங்கத்தையும் நம்ப வேண்டும். 2022 இன் சில வாரங்களில் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை போனது. 1976 இல் பிறந்த இசட்-80 இன் மரபான வடிவத்துக்குக் கடைசிக் கொள்வனவுகள் 2024 ஜூனுடன் நிறுத்தப்பட்டன, பழைய இருப்பென்று விற்கப்படுபவற்றுள் மேலெழுத்தை அழித்து மறுபெயர் அடித்த போலிகளும் கலந்துள்ளன. சிப்பு ஒன்று வர வாரங்கள் ஆகுமிடத்தில், யோசிப்பதே மலிவு. எனவே கண்டிக்குப் பொருந்தும் வரிசை இது: தொடுகைகளைத் துப்புரவாக்குதல், சிப்பின் காலில் வழங்கலை அளத்தல், கடிகாரமும் மீள்தொடக்கமும் உண்டா என்று பார்த்தல், வளையத்தை வெட்டி முகவரிக் கம்பிகளைச் சோதித்தல், ரொம்களை வாசித்து ஒப்பிடுதல், அதற்குப் பிறகே ஈயம் உருக்கும் கோலைத் தொடுதல். அளவை ஒன்று சாட்சி சொல்லாமல் எந்தச் சிப்பையும் கழற்றுவதற்கு இங்கே நியாயம் இல்லை.

எமுலேற்றர் எதிரியா?

இவ்வளவு பாடு ஏன், விளையாட்டைக் கணினியில் ஓட்டினால் ஆகாதா என்பது நேர்மையான எதிர்வாதம். 1997 பெப்ரவரி 5 இல் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 'மேம்' என்ற எமுலேற்றர் நிரலின் முதற் பதிப்பை வெளியிட்டார். இன்று அது ஆயிரக்கணக்கான பலகைகளைப் போலச் செய்கிறது. விளையாட வேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால் இந்த வாதத்துக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த நிரல் எழுதப்பட்டதே பலகைகளை ஆராய்ந்து தெரிந்துகொண்ட அறிவால். அதன் மூலக்குறியீட்டில் ஒவ்வொரு பலகையின் நினைவக வரைபடமும் ஒவ்வொரு ரொம்மின் சரிபார்ப்புத் தொகையும் உள்ளன. அழித்து எழுதக்கூடிய ரொம் வகையான ஈப்ரொம் ஒன்றைச் சந்தேகித்தால், அதை வாசித்து அத்தொகையோடு ஒப்பிட்டால், காலத்தால் பிற்றுகள் அழிந்தனவா என்ற கேள்விக்கு ஐயமற்ற விடை கிடைக்கும். வெளியாகாத சுற்று வரைபடத்தின் இடத்தை எமுலேற்றர் ஓரளவு நிரப்புகிறது. பழுது பார்ப்போரின் எதிரியாகக் கருதப்பட்டது அவர்களது சிறந்த கைநூலாக மாறியுள்ளது.

முடிவாகாதவை

தனியுருச் சிப்புகளின் நிலை மிகக் கடினம். ஒரு நிறுவனம் தனக்கென மட்டும் செய்வித்த சிப்பு கெட்டால், இன்னொரு பலகையைப் பலியிட வேண்டும் அல்லது எஃப்.பி.ஜீ.ஏ. என்ற நிரற்படுத்தக்கூடிய சிப்பைக் கொண்டு போலியை உருவாக்க வேண்டும். அப்படி மாற்றிய பலகை எவ்வளவு தூரம் அதே பலகை என்பதில் சேகரிப்போர் ஒத்துப்போவதில்லை. கப்கொம் நிறுவனத்தின் 1993 ஆம் ஆண்டு சீ.பி.எஸ்.-2 தொகுதி இதை இன்னும் கூர்மையாக்கியது. அதன் மறையாக்கச் சாவி பற்றரியின் தயவில் இருந்தது, பற்றரி தீர்ந்தால் உடலில் ஒரு சிப்பும் கெடாமலே பலகை இறக்கும். நீண்ட காலம் மறையாக்கத்தை நீக்கிய ரொம்களை மாற்றி வைப்பதே வழியாக இருந்தது. 2016 இல் எதுவார்தோ குரூஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மூலச் சாவியை மீண்டும் உள்ளேற்றும் முறையை வெளியிட்டனர். இங்கே தடம்பிடிப்பதும் மாற்றிப் பார்ப்பதும் பயன்படவில்லை, வடிவமைப்பாளரின் எண்ணத்தை வாசித்ததே பயன்பட்டது. இத்தகைய வாசிப்பு எல்லாத் தனியுருச் சிப்புகளுக்கும் சாத்தியப்படுமா என்பது இன்னும் தெளிவாகவில்லை. சூடானால் மட்டும் வந்து போகும் பிழைகளுக்கும் மேற்சொன்ன எந்த மரபிலும் நிறைவான முறை கிடையாது. குளிர்விக்கும் தெளிப்பானும் பொறுமையும்தான் இதுவரை உள்ளவை. வெப்பமண்டல ஈரத்தில் நாற்பது ஆண்டுகள் கிடந்த பலகைகளில் தொடுகைப் பிழை எத்தனை பங்கு, சிப்புப் பிழை எத்தனை பங்கு என்பதும் அளந்து நிறுவப்பட வேண்டிய ஒன்று. இக்கட்டுரை முன்வைத்த வரிசை அந்த அளவையால் திருத்தப்படலாம்.

அதற்குத் தேவை பதிவுகள். எந்தக் காலில் எத்தனை வோல்ற்று இருந்தது, எந்தச் சிப்பு எதனால் கழற்றப்பட்டது, பிறகு என்ன மாறியது என்பவற்றைப் பலகையோடு சேர்த்து எழுதி வைக்க வேண்டும், தமிழிலும் சிங்களத்திலும் எழுதினால் அடுத்த மேசைக்கும் அது பயன்படும். திருத்த முடியாத பலகையை இலத்திரனியல் கழிவாகக் கொடுத்துவிடும் முன்னர், அதன் ரொம்களை வாசித்துச் சேமியுங்கள், நலமாக உள்ள தனியுருச் சிப்புகளைக் கழற்றி வையுங்கள்.